பைக்குள் இரண்டு கைகள்

ரிகாவில் பிப்ரவரி. விடிய இன்னும் நாலு மணி நேரம்.
டிராம் டிப்போவின் மூலையில்
கால் ஆடும் ஒரு நாற்காலியில் நான்.
மேலாளர்களுக்குப் பயிற்சி தருபவள் என்கிறது
கழுத்தில் தொங்கும் அட்டை.
டிராமைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
இந்த வேலைக்கு
அது ஒன்றுதான் என் தகுதி.

வில்னிஸ் அருமையான மெக்கானிக்.
அதனாலேயே அவனை மேனேஜர் ஆக்கினார்கள்.
அன்றைக்கே டிப்போ ஒரு மெக்கானிக்கை இழந்தது.
மேனேஜர் இன்னும் வந்து சேரவில்லை.

முதல் வாரம் நான் வாயே திறக்கவில்லை. எண்ணினேன்.
வில்னிஸ், இந்த வயர்?
வில்னிஸ், எந்த நட்டு?
வில்னிஸ், டீ குடிக்கப் போகலாமா?
ஓர் இரவில் அறுபத்துமூன்று கேள்விகள்.
ஒவ்வொன்றுக்கும்
கேட்டு முடிக்குமுன் பதில்.

தாளை நீட்டினேன்.
பெருமையாகச் சிரித்தான்.
இன்னொரு முறை பார்த்தான்.
சிரிப்பு பாதியில் நின்றது,
பனியில் மாட்டிக்கொண்ட கதவு மாதிரி.

"இன்றைக்கு ஒன்றே ஒன்று செய்," என்றேன்.
"கைகளைப் பைக்குள் வை.
யாராவது கேட்டால், நீ என்ன நினைக்கிறாய் என்று கேள்.
அப்புறம் பொறு."
"எவ்வளவு நேரம்?"
"வலிக்கிற வரை. அதற்கு மேலும் கொஞ்சம்."

மூன்று மணிக்கு
நடுக்கதவு திறக்காத வண்டி ஒன்று வந்தது.
சனிதா, வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்,
தலையை மட்டும் திருப்பினாள்: "வில்னிஸ்?"
"நீ என்ன நினைக்கிறாய்?"

ஹீட்டர் டிக் டிக்கென்றது.
கறுப்பு ரொட்டியை மென்றுகொண்டிருந்த குண்டார்ஸ்
மெல்லுவதை நிறுத்தினார்.
"இவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மோட்டார்..." என்றாள். "இல்லை.
சாலை உப்பு உள்ளே இறங்கியிருக்கும். திறந்து பார்க்கணும்."
"பார்."

அவன் செய்தால் ஏழு நிமிட வேலை.
அவள் மண்டியிட்டு, திட்டி, எழுந்து,
தப்பான ஸ்பானரை எடுத்து, திரும்பப் போய்,
நாற்பது நிமிடம்.
அவன் கோட்டுப் பைகளில்
சாக்கில் கட்டிய பூனைக்குட்டிகள் போல
இரண்டு முஷ்டிகள் புரண்டன.

மூடியைப் போட்டு முடுக்கியாயிற்று.
தரையில் ஒரு திருகு மிச்சம்.

அவன் பார்த்தான்.
அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.
வலது கை மணிக்கட்டு வரை வெளியே வந்தது.
மெல்லத் திரும்பி உள்ளே போனது.
"கீழே ஒன்று கிடக்கிறது," என்றான். அவ்வளவுதான்.
இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு
மறுபடி மூடியைக் கழற்றினாள் சனிதா.

வண்டி பதினோரு நிமிடம் தாமதம்.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் அலறியது.
யாரால், யாரால் என்று
அந்தக் குரல் என் நாற்காலி வரைக்கும் கேட்டது.
ஸ்பானரோடு கழுத்தை உள்ளிழுத்து நின்றாள் அவள்.
"என் ஷிஃப்ட். தாமதம் என்னுடையது.
ஆமாம். பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."
வைத்துவிட்டான். என் பக்கம் திரும்பவில்லை.

இது
நான் சொல்லிக்கொடுத்ததில் இல்லை.

அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு படிவம் உண்டு:
முன்னேற்றம், ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிடவும்.
பைக்குள் திரும்பிப் போன கைக்கு
எத்தனை மதிப்பெண்?
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
அப்படியே மடித்து வைத்தேன்.

வீட்டுக்கு அதே வண்டியில்தான் போனேன்.
மூன்றாம் நிறுத்தத்தில் நடுக்கதவு
ஒரு முறை இருமிவிட்டுத் திறந்தது.
ஏறிய மனிதர் பூட்ஸிலிருந்து பனியை உதறினார்:
"பதினோரு நிமிடம்! இங்கே யாரைப் பிடித்துக் கேட்பது?"

அட்டை என் கைப்பையில் இருந்தது.
தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பினேன்.